நிமிஷத்துக்கு மூன்று டிகிரி

முப்பத்தொன்று என்று காட்டியது. அமலோற்பவம் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தச் சிவப்பு எண்ணுக்கு எதிரே உட்கார்ந்தாள். இனி நாற்பது நிமிஷத்துக்குச் செய்ய ஒரு வேலையும் கிடையாது. அவளுக்கு அதுதான் ஆகாது. வேலை எவ்வளவு வேண்டுமானாலும் கொடுங்கள், சும்மா காத்திருக்க மட்டும் சொல்லாதீர்கள் என்கிற ரகம் அவள். பால் பொங்குகிறவரைக்கும் அடுப்பு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவர்களைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும், அந்த நேரத்தில் நாலு வெங்காயம் உரிக்கக் கூடாதா என்று. இங்கே உரிக்க வெங்காயம் இல்லை. தீப்பெட்டி அளவுக்கு ஓர் அடுப்பு, அதற்குள்ளே கற்கண்டுத் துண்டு மாதிரி ஒரு கிரிஸ்டல், அது நூற்று நாற்பத்தொன்பது டிகிரிக்குப் போயாக வேண்டும், போகிறபோது நிமிஷத்துக்கு மூன்று டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது, ஏறினால் விரிசல் விட்டுவிடும். முதல் வருஷம் அவளே ஒன்றை விரிசல் விடவைத்திருக்கிறாள். நிமிஷத்துக்குப் பத்து வைத்தாள், டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், ஆறு மாதம் காத்திருந்து ஜப்பானிலிருந்து வந்த சாமான். புரொபசர் புருஷோத்தமன் திட்டவில்லை. "உனக்கு அஞ்சு மணிக்கு பஸ்ஸுன்னு கிரிஸ்டலுக்குத் தெரியாதேம்மா" என்றார். திட்டியிருந்தால் தேவலை. முப்பத்துநாலு. மணி ஒன்பது இருபத்தொன்று. பத்தரைக்கு டில்லியிலிருந்து மூன்று பேர் வருகிறார்கள், வந்து பார்த்து, இந்த ஆய்வகத்துக்கு அடுத்த மூன்று வருஷம் உண்டா இல்லையா என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்கள் பார்க்க வருவது ஒரே ஓர் எண்ணை. அறுபத்துமூன்று. நாற்பத்தாறு வயதில் ஆராய்ச்சி மாணவி என்று அடையாள அட்டை மாட்டிக்கொண்டு திரிகிற அமலோற்பவம் ஆறு வருஷத்தில் கண்ட ஒரே எண். அது பொய் என்று இன்றைக்குக் காலையில் பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்து, கையில் டிக்கெட்டை மடித்துக்கொண்டிருக்கையில் அவளுக்குத் தெரிந்தது.

பொய் என்று சொல்லக் கூடாது, தெரிந்து சொன்னால்தான் பொய். தெரியாமல் சொன்னால் அதற்கு என்ன பேர்? கான்வென்ட்டில் சனிக்கிழமைதோறும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்கையில் பக்கத்து பெஞ்சுக்காரிக்கும் அவளுக்கும் இதே பிரச்சினைதான், சொல்வதற்குப் பாவம் போதாது, ஆளுக்கு இரண்டு என்று மாற்றிக்கொள்வார்கள், நீ பொறாமையை எடுத்துக்கோ, நான் கீழ்ப்படியாமையைச் சொல்லிக்கிறேன் என்று. தெரியாமல் செய்தது எந்தக் கணக்கில் வரும் என்று சிஸ்டர் லியோனியிடம் எழுந்து நின்று கேட்டதற்கு, முந்திரிக்கொட்டைத்தனம் என்று அதற்கும் சேர்த்து முட்டி போட வைத்தார்கள். நாற்பது. குழு வருகிறது, எல்லாரும் ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று குடும்ப வாட்ஸப்பில் போடலாமே என்றுதான் காலையில் பஸ்ஸில் போனில் அந்தப் போட்டோவைத் திறந்தாள். போன ஆடி மாதம் அளந்த அன்று அவளே எடுத்தது, பவர் மீட்டரின் முகம், பெரிய பெரிய எழுத்தில் அளவு. ஓரத்தில் யாரோ குடித்து வைத்த டீக்கப் தெரிந்தது, நாத்தனார் பார்த்தால் லேபையும் வீடு மாதிரித்தான் வைத்திருக்கிறாள் என்பாள், வெட்டிவிடலாம் என்று விரலால் பெரிதாக்கினாள். டீக்கப்புக்கு மேலே, மீட்டரின் மூலையில், எறும்பு சைசில் ஓர் எண். ஆயிரத்து அறுபத்துநாலு. அவள் அதைப் பார்த்தாள். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள், ஒரு சிமெண்ட் கடை, ஒரு சிமெண்ட் கடை, ஒரு கல்யாண மண்டபம், பிறகு திரும்ப அதைப் பார்த்தாள். அங்கே ஐந்நூற்று முப்பத்திரண்டு என்றல்லவா இருக்க வேண்டும்.

இந்த வேலையே இவ்வளவுதான், யாருக்கு வேண்டுமானாலும் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடலாம், பிள்ளைகளுக்கே சொல்லியிருக்கிறாள். லேசரிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வருகிறது, கிரிஸ்டலுக்குள் போகிறது, போனதில் ஒரு பங்கு பச்சை வெளிச்சமாக மாறி வெளியே வருகிறது. நூறு போட்டால் எத்தனை பச்சையாகத் திரும்புகிறது என்பதுதான் கேள்வி, அந்தப் பங்கை ஏற்றுவதற்குத்தான் உலகம் பூராவும் ஆட்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். அளக்கிற மீட்டருக்கு ஒரு கண் உண்டு. அந்தக் கண்ணுக்கு எல்லா நிறமும் ஒன்றுபோலத் தெரியாது. பச்சை நன்றாகத் தெரியும், அகச்சிவப்பு அதற்கும் மங்கல்தான். ஆகவே இப்போது காட்டப் போவது இன்ன நிறம் என்று பொத்தானை அமுக்கிச் சொல்ல வேண்டும். அகச்சிவப்பு என்று சொன்னால், எனக்கு மங்கலாகத்தானே தெரிகிறது, அசலில் இன்னும் கூட இருக்கும் என்று அது தன்பாட்டுக்கு ஏற்றிச் சொல்லும். முதலில் உள்ளே போகிற அகச்சிவப்பை அளப்பார்கள், அதன் அலைநீளம் ஆயிரத்து அறுபத்துநாலு நானோமீட்டர். பிறகு பொத்தானை அமுக்கி ஐந்நூற்று முப்பத்திரண்டுக்கு மாற்றி, வெளியே வருகிற பச்சையை அளப்பார்கள். மாற்ற மறந்தால் பச்சையையும் ஏற்றிச் சொல்லும். ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. டிக்கெட்டின் முதுகில் பேனாவால் வகுத்துப் பார்த்தாள், பஸ் பள்ளத்தில் விழுந்து நாலு ஏழாகிவிட்டது, மறுபடி வகுத்தாள். நாற்பத்தொன்று. பக்கத்து சீட்டுக்காரி, "என்னக்கா, சீட்டுக் கணக்கா?" என்றாள். "ஆமா, கமிஷன் போக இவ்வளவுதான் நிக்குது" என்றாள் அமலோற்பவம். வாய் மட்டும் தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது.

ஐம்பத்திரண்டு. லேசரைக் குளிர்விக்கிற சில்லர் ஓடுகிற சத்தம், மேலே ஏசி, ஜன்னலே இல்லாத அறை, வெளியே பங்குனி வெயில் கொளுத்துவது இங்கே யாருக்கும் தெரியாது. மீட்டரைச் செய்த கம்பெனிக்காரனைச் சொல்ல வேண்டும், அவ்வளவு முக்கியமான எண்ணை எறும்பு மாதிரி ஒரு மூலையில் போடுவானா, குக்கர் கம்பெனிக்காரனுக்கு இருக்கிற புத்தி கூட இல்லை, அவன் விசில் வைத்திருக்கிறான். ஆராய்ச்சிப் பேப்பரைப் படித்துப் பார்த்து ஒப்புதல் கொடுத்த அந்த முகம் தெரியாத நிபுணர்களையும் சொல்ல வேண்டும். இல்லை, அவர்களில் ஒருத்தன் கேட்டான். நூறு போட்டு அறுபத்துமூன்று பச்சையாக வந்தால், மாறாமல் தப்பிய அகச்சிவப்பு முப்பத்தேழு இருக்க வேண்டுமே, அதை அளந்தீர்களா என்று கேட்டிருந்தான். லேசரின் பவர் சப்ளை எரிந்து பழுதுக்குப் போயிருக்கிறது, வந்ததும் அளக்கிறோம் என்று புரொபசர் மரியாதையாகப் பதில் எழுதினார். உண்மைதான், எரிந்துதான் போயிருந்தது, ஏழு மாதம் கழித்துப் போன வாரம்தான் வந்தது, நேற்று சாயங்காலம் வரைக்கும் கண்ணாடிகளைத் திருகித் திருகி ஒளிப்பாதையைச் சரிசெய்யவே சரியாகப் போயிற்று. ஆனால் ஒரு கிலோ நெல் போட்டு ஒன்றேகால் கிலோ உமியும் அரிசியுமாகத் திரும்பி வந்தால் எந்தப் பொம்பளையாவது மில்காரனைச் சும்மா விடுவாளா? அந்தக் கேள்வியைப் படித்த அன்றே ஒரு சந்தேகம் லேசாகத் தலைகாட்டியது. அதை அமுக்கி வைத்துவிட்டு இட்லிக்கு ஊறப்போடப் போய்விட்டாள். அப்படியானால் கார்மேகம்? இதே லேபில் கூட ஆராய்ச்சி பண்ணின கார்மேகமும்தானே அன்றைக்கு இருந்தான். இரண்டு பேர்தான் அளந்தார்கள், நோட்டில் இருப்பது அவன் கையெழுத்து, கோழி கிளறினது மாதிரி, ஆனால் தேதியும் நேரமும் ஒன்று விடாமல். அவன் இப்போது ஜெர்மனியில், இந்தப் பேப்பரைக் காட்டித்தான் வேலைக்கு எடுத்தார்கள், அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் அவன் அம்மா இன்னும் பட்டாசுக்கு லேபிள் ஒட்டுகிறாள். போனை எடுத்தாள். 'டேய், அன்னைக்குப் பச்சையை அளக்கும்போது மீட்டர்ல அலைநீளம் மாத்தினியா இல்லையா?' என்று தட்டினாள். தட்டியதைப் படித்தாள். மாத்தினியா. ஏன் 'மாத்தினோமா' என்று வரவில்லை விரலுக்கு? அவனுக்கு அங்கே விடிந்தும் விடியாததுமாக இருக்கும். அழித்தாள்.

கதவைத் தட்டாமல் திறக்கிற உரிமை இந்தக் கட்டடத்தில் ஒருத்தருக்குத்தான். புருஷோத்தமன் தலையை மட்டும் நீட்டினார், இன்றைக்கு டை கட்டியிருந்தார், டைக்கு மேலே வழக்கமான கவலை. "ஏறுதாம்மா?"

"ஏறுது சார். எழுபது."

"போளி சொல்லியிருக்கேன். கமிட்டித் தலைவியம்மாவுக்குச் சுகராம், ஆபீஸ்ல இப்பத்தான் சொல்றாங்க. அவங்களுக்கு மட்டும் சுண்டல் சொல்லிடட்டுமா?"

"மூணு பேருக்குமே சுண்டல் வச்சிடுங்க சார். போளியைப் பார்த்துக்கிட்டே சுண்டல் தின்னா அந்தம்மா நம்ம மேல பாயும்."

சிரித்தார். சிரித்து முடித்து அவள் முகத்தைப் பார்த்தார். "ஏன் ஒரு மாதிரி இருக்கே? உடம்பு சரியில்லையா?"

"என் மூஞ்சி எப்பவும் இப்படித்தான் சார். கல்யாண ஆல்பத்துலயும் இப்படித்தான் இருக்கும்."

"சரி சரி. கார் அனுப்பிட்டேன். பத்தே காலுக்கு வந்து ஒருதரம் பார்க்கிறேன்" என்று சொல்லித் தலையை இழுத்துக்கொண்டார், கதவு சாத்திக்கொண்டது, எழுபத்து மூன்று. ஏன் சொல்லவில்லை? இன்னும் அளக்கவில்லை, அதனால் சொல்லவில்லை. போட்டோவில் இருக்கிறது ஓர் எண், அவ்வளவுதானே. போட்டோ எடுத்ததற்கு அப்புறம் மாற்றி, மறுபடி அளந்து, அதைத்தான் நோட்டில் எழுதினார்களோ என்னவோ. நோட்டை எடுத்துப் பார்த்தாயிற்று, வந்ததும் முதல் வேலை அதுதான், போட்டோவில் இருக்கிற அதே அளவு, புள்ளிக்கு அப்புறம் இரண்டு இலக்கமும் அதே. பிறகென்ன நம்பிக்கை. ஆனாலும் நம்பிக்கை இருக்கிறது, பல்லிடுக்கில் மாட்டின நார் மாதிரி. கிரிஸ்டல் சூடேறட்டும், அளந்து பார்க்கலாம், அறுபத்துமூன்றே வந்தாலும் வரும். வராது. வரும். எண்பத்தைந்து.

வராவிட்டால் என்ன என்பதையும் ஒருதரம் நேராகப் பார்த்துவிட வேண்டியதுதான். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இருபத்தெட்டு நாள் இருக்கிறது, அதற்கு மேல் நீட்டிப்பு கிடையாது, இரண்டு தடவை வாங்கியாயிற்று, ஒன்று மாமனார் விழுந்து இடுப்பு முறிந்தபோது, இன்னொன்று லேசர் எரிந்தபோது. ஆறு அத்தியாயத்தில் நாலாவதுதான் முதுகெலும்பு, அதன் தலைப்பிலேயே அறுபத்துமூன்று இருக்கிறது. நாற்பத்தொன்றை உலகத்தில் பத்து வருஷத்துக்கு முன்னாலேயே செய்துவிட்டார்கள். நாற்பத்தொன்றுக்கு யாரும் டில்லியிலிருந்து வரமாட்டார்கள், அரியலூரிலிருந்து கூட வரமாட்டார்கள். இருபத்திரண்டு வயதில் எம்.எஸ்சி. முடித்து, தங்கப் பதக்கத்தைப் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துவிட்டுப் பதினேழு வருஷம் குழம்பு வைத்தாள். குழம்பு வைத்தது தப்பென்று அவள் யாரிடமும் சொன்னதில்லை, நன்றாகத்தான் வைத்தாள். ஆனால் சின்னவன் ஒன்பதாம் வகுப்பு இயற்பியலில் ஒரு சந்தேகம் கேட்டு, அவள் சொல்ல ஆரம்பித்து, அவன் அது போதும்மா என்று எழுந்து போனபிறகும் தனியாக உட்கார்ந்து கால்மணி நேரம் அந்தப் படத்தைப் போட்டு முடித்தாளே, அன்றைக்குத்தான் தெரிந்தது. பத்திரிகைக்காரன் வந்தபோது அதைச் சொன்னாள். அவன் அதை விட்டுவிட்டு 'கரண்டி பிடித்த கையில் லேசர்' என்று தலைப்புப் போட்டான். இதே மேசைக்குப் பக்கத்தில் பட்டுப்புடவையில் நிற்கவைத்து, கையை இப்படி வையுங்க மேடம் என்று, எதைத் தொடக் கூடாதோ அதைத் தொடச்சொல்லிப் போட்டோ. புருஷோத்தமன் சார் அதற்கு முன்னால் எதைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று எவனாவது கேட்டானா? வீட்டுக்காரர் இருதயராஜ் அந்தப் பத்திரிகைத் துண்டைக் கண்ணாடி போட்டு ஹாலில், இருதய ஆண்டவர் படத்துக்கு ஒரு ஜாண் தள்ளி மாட்டியிருக்கிறார். வருகிறவர்கள் எல்லாரும் முதலில் ஆண்டவரைப் பார்க்கிறார்கள், அடுத்து அறுபத்துமூன்றைப் பார்க்கிறார்கள். அதை எப்படிக் கழற்றுவது? ஆணியை என்ன செய்வது? ஆணி இருந்துவிட்டுப் போகட்டும், அதில் காலண்டர் மாட்டலாம், எவ்வளவு அற்பமான விஷயத்துக்கெல்லாம் மனசு ஓடுகிறது பார். தொண்ணூற்றெட்டு. போன் அதிர்ந்தது. நினைத்த ஆளேதான், சளி என்று லீவு போட்டுவிட்டு வீட்டில் இருக்கிறார்.

"அமலி, மிளகு எங்க வச்சிருக்கே? ரசம் வைக்கலாம்னு."

"அடுப்புக்கு மேல ரெண்டாவது தட்டு, பச்சை மூடி. இருபத்துமூணு வருஷமா அங்கதான் இருக்கு."

"பச்சை மூடில கிராம்புல்ல இருக்கு?"

"அது நீல மூடிங்க."

"ஓ. ஆமா. சரி, வந்துட்டாங்களா அவங்க? இன்னைக்கும் பேப்பர்ல வருமா?"

"வரும். வேற மாதிரி வரும்."

"என்ன வேற மாதிரி?"

அவள் மீட்டரைப் பார்த்தாள், அது இன்னும் அணைந்து கிடந்தது. "என்னங்க, ஒண்ணு கேக்குறேன். நான் பட்டம் வாங்கலைன்னா உங்களுக்கு அசிங்கமா இருக்குமா?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். இருதயராஜ் யோசிக்கிறபோது அப்படித்தான், சளி இல்லாத நாளிலும். "அசிங்கம் என்ன. ஆனா உங்கூட வீட்ல இருக்க முடியாது, அது மட்டும் நிச்சயம். போன தடவை லேசர் எரிஞ்சப்பவே நாங்க மூணு பேரும் மாடிக்குப் போயிட்டோம்ல."

"ரசத்துல புளியைக் கம்மியா போடுங்க, தொண்டைக்கு ஆகாது" என்று சொல்லி வைத்துவிட்டாள். இந்த மனிதரிடம் எப்போதும் இப்படித்தான், கேட்டதற்குப் பதில் வராது, வருகிற பதில் சுமாராக இருக்கும்.

நூற்று ஏழு. மிளகும் கிராம்பும் ஒன்றா, மூடியைப் பார்த்துவிட்டு எடுத்தால் போதுமா, உள்ளே இருப்பதை முகர்ந்து பார்க்க வேண்டாமா. அன்றைக்கு என்ன நடந்தது என்று மனசு இதோடு ஏழெட்டுத் தடவை போய்ப் போய்த் திரும்புகிறது, ஒரு குறிப்பிட்ட இடம் வந்ததும் ஸ்வெட்டர் ஆணியில் மாட்டினதுபோல நின்றுவிடுகிறது. ஆடி மாதம், வெள்ளிக்கிழமை, அது சரி. மதியத்திலிருந்து பச்சை வருவதும் மங்குவதுமாக இருந்தது, கார்மேகம் கிரிஸ்டலைத் தலைமுடி அளவு தலைமுடி அளவாகத் திருப்பிக்கொண்டிருந்தான், அது சரி. நாலரை. வீட்டில் மாடித் தொட்டிக்குப் போகிற குழாய் உடைந்து மூன்று வாரமாக வாளியில் தண்ணீர் தூக்குகிறார்கள், இன்னாசி என்கிற பிளம்பர் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்துவிட்டு ஒருவழியாக அன்றைக்கு ஐந்தரைக்கு வருகிறேன் என்று ஒத்துக்கொண்டிருந்தார், வீட்டில் ஆள் இல்லாவிட்டால் திரும்பிவிடுவார், திரும்பினால் இன்னும் மூன்று வாரம். ஐந்து மணி பஸ்ஸை விடக் கூடாது. அப்போது பார்த்துப் பச்சை குப்பென்று ஏறிற்று. காமிரா காட்டுகிற திரையில் வெளிச்சம் பூத்தது மாதிரி. கார்மேகம் கத்தினான். அவள் உள்ளே போகிற அகச்சிவப்பை அளந்தாள், அவன் எழுதினான். அவள் மீட்டரின் கண்ணைக் கிரிஸ்டலுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து வைத்தாள். அங்கேதான் நிற்கிறது. மீட்டர் யார் கையில் இருந்தது? அவள் கையில். பேனா அவன் கையில். அவன் என்னவோ சொன்னான். பேனாவை வாயில் கடித்துக்கொண்டு, நோட்டைத் தொடையில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து பார்த்து, என்னவோ சொன்னான், என்ன சொன்னான்? நூற்றுப் பதினாறு. பஸ் என்றானா? இல்லை. டீ என்றானா? சில்லர் ஓடிக்கொண்டிருந்தது, இதே சத்தம்தான், இதே சத்தத்துக்கு மேலே கொஞ்சம் குரலை உயர்த்தி, அருப்புக்கோட்டை இழுப்போடு, எத்தனையோ தடவை கேட்கிற கேள்வி, அவன் சுபாவமே அது, வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தரம் பூட்டை இழுத்துப் பார்க்கிற சாதி, அவள் அதைக் கிண்டல் பண்ணிக்கொண்டே இருப்பாள். யக்கா, அலைநீளம் மாத்தியாச்சா?

மாத்தியாச்சா. ஆச்சுடா ஆச்சு, நீ எழுது, எனக்கு பஸ்ஸு.

அதுதான். முழுசாக வந்துவிட்டது, தொண்டையில் சிக்கின முள் சோற்று உருண்டையோடு இறங்குகிறமாதிரி வலியோடு இறங்கிவிட்டது. அவள் பார்க்கவே இல்லை. பொத்தானைப் பார்க்கவில்லை, மூலையைப் பார்க்கவில்லை, வாய் ஆச்சு என்றது, கண் கடிகாரத்தில் இருந்தது. பிறகு போட்டோ எடுக்க மட்டும் நேரம் இருந்தது. ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தாள், இன்னாசி வந்தார், குழாயை மாற்றினார், அது இன்றுவரை ஒழுகாமல் இருக்கிறது, அன்றைக்குச் செய்த வேலையில் உருப்படியானது அது ஒன்றுதான். அவளுக்குச் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு பாதியில் வேறாக மாறப் பார்த்தது, அதற்கு இடம் கொடுக்காமல் எழுந்து நின்றாள். நூற்று இருபத்தேழு. ஏழு மாதமாக அந்த ஓர் இடத்தை மனசு எவ்வளவு சாமர்த்தியமாகச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது, சாக்கடையைத் தாண்டுகிறவள் புடவையைத் தூக்கிக்கொள்கிறமாதிரி. விரல் ஏன் 'மாத்தினியா' என்று தட்டியது என்பதற்கும் இப்போது பதில் தெரிந்துவிட்டது. சரி. தெரிந்ததும் ஆச்சரியமாக மனசு லேசாகிவிடவில்லை, பாரமாகத்தான் இருந்தது, ஆனால் பாரத்துக்கு ஒரு பிடி கிடைத்த மாதிரி இருந்தது, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டால் நடக்கலாம் இல்லையா. என்னென்ன மாற வேண்டும்? நாலாம் அத்தியாயம் தலைப்பு, இரண்டு அட்டவணை, ஐந்து படம், முடிவுரை. மிச்ச அகச்சிவப்பை அளக்க வேண்டும், இந்தத் தடவை அதையும் சேர்த்துக் கூட்டி நூறு வருகிறதா என்று பார்க்க வேண்டும். பேப்பரைப் போட்ட ஆய்வுப் பத்திரிகைக்குத் திருத்தம் எழுத வேண்டும், அதில் கார்மேகம் பெயர் தப்புக்குப் பக்கத்தில் வராமல் எழுத வேண்டும். பச்சை மங்காமல் எட்டு மணி நேரம் நிலையாக நின்றதே, அந்த ஐந்தாம் அத்தியாயத்துக்கு மீட்டரின் அலைநீளம் தேவையில்லை, ஏறி இறங்குகிறதா என்பதுதான் கணக்கு, அது அப்படியே நிற்கும். அது மட்டும் வைத்துப் பட்டம் கொடுப்பார்களா? கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம். இருபத்தெட்டு நாளில் எழுதி முடிக்க முடியுமா என்பது மட்டும்தான் அவள் கையில் இருக்கிறது. முடியும். கிறிஸ்துமஸுக்கு நாற்பது பேருக்கு ஒருத்தியாகச் சமைத்திருக்கிறாள், இது என்ன.

நூற்று நாற்பத்தொன்பது. அடுப்பு ஒரு தரம் ஒன்றரை டிகிரி தாண்டிப் போய்த் திரும்பி வந்து அடங்கிற்று. அமலோற்பவம் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேசரின் மூடியைத் திறந்தாள், திரையில் பச்சைப் புள்ளி வந்து நின்றது. அகச்சிவப்பை அளந்தாள். மீட்டரின் கண்ணை இந்தப் பக்கம் வைத்தாள். பொத்தானை அமுக்கினாள், மூலையில் இருந்த எறும்பு மாறிற்று, "ஐந்நூற்று முப்பத்திரண்டு" என்று யாரும் இல்லாத அறையில் சத்தமாகப் படித்தாள். பிறகு அளவைப் படித்தாள். வகுத்தாள். நாற்பத்தொன்று. கிரிஸ்டலைத் தலைமுடி அளவு திருப்பினாள், குறைந்தது, பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள். மறுபடி நாற்பத்தொன்று. மூன்றாம் தரமும் அளந்து, நோட்டைத் திறந்து, தேதி, நேரம், அலைநீளம், அளவு, கீழே தன் முழுப்பெயர் என்று எழுதிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. புருஷோத்தமன் சொன்னபடி பத்தே காலுக்கு வந்துவிட்டார். வாசலில் மாட்டியிருந்த கண்ணாடி ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு அருகே வந்து, மீட்டரைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், பிறகு முப்பத்தைந்து வருஷம் இதே வேலை பார்த்த மனிதராக நேரே மீட்டரின் மூலையைப் பார்த்தார்.

"அப்போ போன ஆடில?"

"ஆயிரத்து அறுபத்துநாலுலயே அளந்துட்டேன் சார். மாத்தலை."

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். டையின் முடிச்சைத் தளர்த்தினார், மறுபடி இறுக்கினார். "கார்மேகம் கையெழுத்துல்ல இருக்கு நோட்டுல."

"எழுதினது அவன். அளந்தது நான். மாத்தியாச்சான்னு கேட்டான் சார், வழக்கம்போலக் கேட்டான். பார்க்காமலே ஆச்சுன்னேன்."

வெளியே தாழ்வாரத்தில் யாரோ டிபன் தட்டுகளை அடுக்குகிற சத்தம். புருஷோத்தமன் மெதுவாகப் பேசினார், பக்கத்தில் யாரோ தூங்குகிறமாதிரி. "இன்னைக்கு அளக்காம விட்டுடலாமே அமலா. திரையில பச்சையைக் காட்டுவோம், அழகா இருக்கு. எண்ணைக் கேட்டா பேப்பரைப் பாருங்கன்னு சொல்லலாம். அவங்க போனப்புறம் நிதானமா திருத்தம் அனுப்பிக்கலாம். ரிட்டயர் ஆக எனக்கு எட்டு மாசம்தான் இருக்கு."

"தெரியும் சார்."

"உனக்கு இருபத்தெட்டு நாள்."

"அதுவும் தெரியும் சார்."

"அவங்க பச்சையைப் பார்த்தாப் போதும்பாங்க. மீட்டரை எடுன்னு யாரும் கேட்கப் போறதில்லை."

"கேட்கலைன்னாலும் நான் எடுப்பேன் சார். இல்லைன்னா என்னால வாயை மூடிக்கிட்டு அங்க நிக்க முடியாது. என் வாயைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா?"

அவர் அந்தப் பச்சைப் புள்ளியின் பக்கம் திரும்பினார். கோபப்படுகிறாரா, அழப் போகிறாரா, கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றும் தெரியவில்லை. இந்த மனிதருக்குக் கடைசி எட்டு மாதத்தை நான் கெடுத்துவிட்டேன் என்பது அவளுக்குள் கூரான ஒன்றாக நின்றது, அது சீக்கிரம் போகாது, போக வேண்டிய அவசியமும் இல்லை. அவர், "நாற்பத்தொண்ணு கூட மோசமில்லை, நம்ம ஊர் கரண்ட்டுக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்தார். "யார் சொல்றது? நானா, நீயா?"

"நான்."

காலடிச் சத்தம் வந்துவிட்டது, ஐந்து நிமிஷம் முன்னதாகவே. கதவு திறந்தது, முதலில் பருத்திப் புடவையும் தோள்பையுமாக ஒரு குள்ளமான அம்மா, பின்னால் இரண்டு ஆண்கள். தலைவியம்மா டில்லியில் எத்தனை வருஷம் இருந்தாரோ, தஞ்சாவூர்ப் பேச்சு அப்படியே இருந்தது. வாயெல்லாம் சிரிப்பாக, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தார். "அறுபத்துமூணு பண்ணது நீங்கதானா? பேப்பர்ல போட்டோ பார்த்தேன், பட்டுப்புடவையில இருந்தீங்க!"

புருஷோத்தமன் ஒரு அடி பின்னால் நகர்ந்து இடம் விட்டார்.

"அறுபத்துமூணுன்னு சொன்னது நான்தாங்கம்மா. பண்ணது நாற்பத்தொண்ணு" என்றாள் அமலோற்பவம். "என் தப்பு. எப்படி வந்துச்சுன்னு இந்த மீட்டர்லயே காட்டுறேன், ரெண்டு நிமிஷம் ஆகும். முதல்ல மூணு பேரும் கண்ணாடியைப் போடுங்க."